மீம் போட்டு எந்த மசோதா நின்றிருக்கிறது?

ஓரத்து இருக்கை | 2025 நவம்பர் 8, இரவு 9.12

இளைஞர் அரசியல் என்றாலே மீம் என்று ஆகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிப்புரிமைச் சட்டத்தை எதிர்த்து அங்குள்ள பிள்ளைகள் மாதக்கணக்கில் மீமாகப் போட்டுத் தள்ளினார்கள். "மீமையே தடை செய்யும் சட்டம்" என்று பேர் வேறு வைத்தார்கள். இதெல்லாம் இயந்திரக் கணக்குகள் கிளப்பும் சத்தம் என்று எதிர்த்தரப்பு சொல்ல, "நாங்கள் பாட் இல்லை" என்று அட்டை பிடித்துக்கொண்டு 2019 மார்ச் 23 அன்று தெருவுக்கே வந்தார்கள். மூன்றாம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 348க்கு 274 என்று நிறைவேறியது. மீமால் நின்ற மசோதா ஒன்றே ஒன்று காட்டுங்கள். பிறகு பேசலாம்.

வெற்றுக்கட்டம் | நவம்பர் 8, இரவு 9.50

ஒன்று கேட்டீர்கள், இரண்டு தருகிறேன்.

இந்தோனேசியா, 2024 ஆகஸ்ட். வட்டாரத் தேர்தலில் யார் நிற்கலாம் என்பது பற்றி அரசியல் சாசன நீதிமன்றம் 20ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. மறுநாளே நாடாளுமன்றம் அதைத் தாண்டிப் போகிற மாதிரி சட்டத்தைத் திருத்தக் கிளம்பியது. அன்றைய அதிபர் ஜோகோ விடோடோவின் இளைய மகனுக்குக் கதவு திறக்கத்தான் இது என்பது ஊரறிந்த ரகசியம். சில மணி நேரத்தில் ஒரு படம் நாடு முழுக்கப் பரவியது: நீலப் பின்னணி, நடுவில் கருடச் சின்னம், "அவசர எச்சரிக்கை" என்று இரண்டே சொல். யூடியூபில் முன்பே கிடந்த ஒரு திகில் காணொளியிலிருந்து வெட்டிய காட்சி அது. 22ஆம் தேதி பல நகரங்களில் கூட்டம் திரண்டது. அன்றே திருத்தம் கைவிடப்பட்டது.

கென்யா, 2024 ஜூன். நிதி மசோதா. ரொட்டிக்கு 16 சதவீத வரி என்பது போன்ற பிரிவுகளைத் தனித்தனியாகப் பிரித்து, டிக்டாக்கில் உள்நாட்டு மொழிகளில் விளக்கிப் போட்டார்கள். எம்.பி.க்களின் கைப்பேசி எண்களைப் பரப்பிக் குறுஞ்செய்தி குவித்தார்கள். ரொட்டி வரி வாக்கெடுப்புக்கு முன்பே காணாமல் போனது. 25ஆம் தேதி மசோதா நிறைவேறியது, அன்றே நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்தது. 26ஆம் தேதி அதிபர் ரூட்டோ கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

ஓரத்து இருக்கை | நவம்பர் 8, இரவு 10.04

இரண்டிலும் தெருவில் ஆள் நின்றது. கென்யாவில் உயிர்களே போயின. படத்துக்கு எதற்குப் பாராட்டு?

வெற்றுக்கட்டம் | நவம்பர் 8, இரவு 11.30

படம் தனியாக எதையும் நிறுத்தாது, அதில் சண்டையே இல்லை. படம் செய்வது ஒரு குறிப்பிட்ட வேலை. முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் "நீயும் இதைப் பார்த்தாயா, நானும் பார்த்தேன்" என்று காட்டுகிறது. அதன் பிறகு எங்கே, எப்போது, யாருக்கு என்ற தகவல் அதே வழியில் பின்தொடர வேண்டும். நீலக் கருடனில் இரண்டு சொல்தான் இருந்தது. மீதி இடம் காலி. எந்த வாசல், எத்தனை மணி என்பதை ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் தலைப்புக் குறிப்பில் எழுதிக்கொண்டான்.

நேர் எதிராக நடந்தது 2020 ஜூன் 2. அமெரிக்க இசைத் துறையில் தொடங்கிய கறுப்புச் சதுரம். கோடிக்கணக்கானவர்கள் இன்ஸ்டாகிராமில் வெறும் கறுப்புக் கட்டத்தைப் போட்டார்கள். அதோடு கறுப்பினத்தவர் மேலான காவல்துறை வன்முறையை எதிர்க்கும் பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்தின் ஹேஷ்டேகையும் சேர்த்துப் போட்டார்கள். அந்த ஹேஷ்டேகில்தான் மருத்துவ உதவி எங்கே, ஜாமீன் நிதி எங்கே என்ற தகவல்கள் போய்க்கொண்டிருந்தன. தேடியவனுக்குத் திரை முழுக்கக் கறுப்பு. நல்லெண்ணத்தால் சொந்தத் தொடர்பு வழியையே அடைத்த கதை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை விதி சின்னது: ஆதரவு காட்டும் படத்துக்கு ஒரு ஹேஷ்டேக், களத் தகவலுக்கு வேறு ஹேஷ்டேக். முதல் நாளே பிரித்துவிட வேண்டும். பரவிய பிறகு பிரிக்க யாராலும் முடியாது.

நடுநிசி நையாண்டி | நவம்பர் 9, அதிகாலை 1.15

கறுப்புக் கட்டம் வடிவமைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே தூங்கப் போகிறேன்.

பிட்கணக்கு | நவம்பர் 9, காலை 8.20

வெற்றுக்கட்டம் சொல்லும் "காலி இடம்" கோட்பாடு பாதிதான் சரி. காசாவின் ராஃபா நகரத்துக்காக 2024 மே மாதம் பரவிய "எல்லாக் கண்களும் ராஃபா மீது" படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவில் செய்தது. வரிசை வரிசையாகக் கூடாரம், நடுவில் கூடாரங்களாலேயே எழுதிய வாசகம். அதில் யாரும் எதையும் மாற்றவில்லை. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் "உங்களுடையதைச் சேருங்கள்" என்ற பொத்தானைத் தட்டினால் அப்படியே நகல் விழும். ஓரிரு நாளில் 4 கோடியைத் தாண்டியது. காலி இடமே இல்லாமல் இவ்வளவு தூரம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் ரத்தமோ உடலோ கிடையாது. உண்மையான களப் படங்கள் "வன்முறைக் காட்சி" திரைக்குப் பின்னால் மறைக்கப்பட்டபோது இது தடையில்லாமல் போயிற்று.

வெற்றுக்கட்டம் | நவம்பர் 9, மதியம் 12.40

என் கட்சிக்குத்தான் இது வலு. 4 கோடி நகல், அடுத்த படி என்ன என்பது ஒன்றில்கூட இல்லை. அதனால்தான் பகிர்வு எண்ணிக்கையை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. எண்ண வேண்டியது, எத்தனை பேர் படத்தைத் திறந்து தன் சொல்லைப் போட்டு மறுபடி ஏற்றினார்கள் என்பதை.

எண்ணுவது கஷ்டமில்லை. ஹேஷ்டேகிலும் படத் தேடலிலும் கிடைப்பதில் 200 படம் இறக்குங்கள். பெரிய பக்கங்களை விட்டுவிட்டு சின்னக் கணக்குகளாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் ஒரே படமே திரும்பத் திரும்ப வரும். ஒரே வார்ப்புருவை (வாசகம் மட்டும் மாறும் அடிப்படைப் படத்தை) ஒரு கோப்புறையில் போடுங்கள். பிறகு கோப்புறைக்குள் எத்தனை வெவ்வேறு வாசகம் என்று எழுதுங்கள். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மாதிரி மென்பொருள் தமிழ் படிக்கும், ஆனால் கறுப்பு ஓரம் கட்டிய எழுத்தில் தடுமாறும். 200 படத்துக்குக் கண்ணே போதும். 200ல் 150 ஒரே வாசகம் என்றால் அது துண்டுப் பிரசுரம். 200ல் 80 வெவ்வேறு வாசகம் என்றால் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடி இதற்கு நல்ல சாட்சி. 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானிய காமிக்ஸின் கொடி, போராட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் ஏறியது, செப்டம்பரில் நேபாளத்தில் ஏறியது. மடகாஸ்கருக்குப் போனபோது வைக்கோல் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த ஊர்த் தொப்பியை மாட்டினார்கள். அப்படித் தொப்பியை மாற்றியவன் வெறுமனே பகிர்ந்தவன் இல்லை, அதில் உழைத்தவன்.

பிட்கணக்கு | நவம்பர் 9, மாலை 6.05

ஒரே வார்ப்புருவில் ஆயிரம் வாசகம் என்பதில் ஒரு தொழில்நுட்பக் குழி இருக்கிறது.

தளங்கள் படத்தைப் பார்வைக் கைரேகையாக மாற்றி ஒப்பிடுகின்றன. பேஸ்புக் 2019ல் திறமூலமாக வெளியிட்ட பிடிக்யூ முறையில், படம் 64×64 அளவுக்குச் சுருக்கப்பட்டு 256 பிட் கைரேகையாகிறது. இரண்டு கைரேகைகளுக்கு நடுவே வித்தியாசம் 31 பிட் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் "ஒரே படம்" என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 64×64ல் உங்கள் வாசகம் என்ன ஆகும்? ஒரு சாம்பல் பட்டை, அவ்வளவுதான். ஆகவே ஒருவர் அந்த வார்ப்புருவில் பொய்த் தகவல் போட்டு அதற்குத் தடை விழுந்தால், அதே வார்ப்புருவில் உண்மையைப் போட்டவரின் படத்தின் மேலும் அந்தத் தடை வந்து விழலாம்.

தப்பிக்க: வாசகத்துக்குப் படத்தின் மூன்றில் ஒரு பங்கை ஒரே நிறப் பட்டையாக ஒதுக்குங்கள். பட்டையை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். முகத்தை வேறு அளவில் வெட்டுங்கள். கட்டமைப்பு மாறினால்தான் கைரேகை மாறும். ஓரத்தில் மெல்லிய சட்டம் போடுவதால் பெரிய பலன் இல்லை.

சீனாவில் நிலைமை இதைவிடக் கறார். அங்குள்ள அரட்டைச் செயலி வீசாட் படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் படிக்கிறது, தடை செய்த படத்தோடு தோற்றத்தையும் ஒப்பிடுகிறது என்று டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2018லேயே சோதித்துக் காட்டியது. அங்கே ஆட்கள் கடைசியில் எழுத்தே இல்லாத பொருளுக்குப் போனார்கள். 2022 நவம்பரில் கோவிட் கட்டுப்பாட்டை எதிர்த்தவர்கள் கையில் பிடித்த வெள்ளைத் தாளில் படிக்க எதுவும் இல்லை.

நடுநிசி நையாண்டி | நவம்பர் 9, மாலை 6.31

ஒரு பக்கம் வெறும் கறுப்பு சொதப்பியது, இன்னொரு பக்கம் வெறும் வெள்ளை ஜெயித்தது. சாம்பலை யாராவது முயன்று பாருங்களேன்.

ஓரத்து இருக்கை | நவம்பர் 10, காலை 7.50

கோட்பாடு போதும். தமிழில் போடும் மீம்களில் பாதி படிக்கவே முடிவதில்லையே, அதற்கு யாராவது மருந்து சொல்லுங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

வெற்றுக்கட்டம் | நவம்பர் 10, இரவு 9.20

நீளமாக எழுதுகிறேன், இதில்தான் அதிகம் கெடுகிறது.

*கொம்பு இடம் மாறுவது.* யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்று சேமிக்கப்படும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் தொங்கும், ஒ வரிசை உடைந்து நிற்கும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் எழுத்து விருப்பங்களுக்குள் போய் "வேர்ல்ட்-ரெடி லேஅவுட்" தேர்ந்தெடுத்துவிட்டுப் புதிய எழுத்து அடுக்கு தொடங்க வேண்டும். பழைய அடுக்கு தானாகச் சரியாகாது, பத்தி அமைப்பில் தனியாக மாற்ற வேண்டும். இன்க்ஸ்கேப், கிம்ப் இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. பைதானில் தானியங்கி மீம் செய்பவர்கள் பில்லோ என்ற பட நூலகத்தோடு, எழுத்தைச் சரியாக அடுக்கும் ராக்ம் நூலகமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கொம்பெல்லாம் சிதறும். கைப்பேசிச் செயலி எதுவும் ஒத்துவராவிட்டால் வாசகத்தை மட்டும் வேறு இடத்தில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து ஒட்டுங்கள்.

*எழுத்துரு.* ஆங்கில மீமின் தடித்த எழுத்துரு இம்பாக்ட்டில் தமிழ் கிடையாது. முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பலூ தம்பி நான்கும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசம். தடிமன் கூடிய வகையை எடுங்கள். பாமினி மாதிரி பழைய குறியாக்க எழுத்துரு வேண்டவே வேண்டாம். வாசகத்தை வேறொருவர் எடுத்துத் திருத்தப் பார்த்தால் குப்பையாக வரும்.

*ஓரக் கோடு.* தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ஆங்கிலத்துக்குப் போடும் அதே தடிமனில் கறுப்பு ஓரம் கட்டினால் ண, ஞ, ழ மூன்றும் அடைத்துக்கொள்ளும். ஓரத்தை எழுத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் வரும்படி வையுங்கள், எழுத்து உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், முனையை உருண்டையாக்குங்கள். அதைவிட நல்ல வழி, எழுத்துக்குப் பின்னால் 60 முதல் 70 சதவீதக் கறுப்புப் பட்டை. ஓரமே தேவைப்படாது.

*அளவு.* இன்ஸ்டாகிராம் பதிவு 1080×1350. ஜனவரியிலிருந்து சுயவிவரப் பக்கக் கட்டம் 3க்கு 4 ஆகிவிட்டதால் இரு பக்கமும் ஏறக்குறைய 34 பிக்சல் வெட்டுப்படும், அந்த ஓரத்தில் எழுத்து வைக்காதீர்கள். ஸ்டோரி 1080×1920. மேலே 250, கீழே 340 பிக்சலைத் தளத்தின் பொத்தான்கள் தின்றுவிடும். 1080 அகலத்தில் எழுத்து உயரம் 60 பிக்சலுக்குக் குறைய வேண்டாம்.

*நிறம்.* ஜேபெக் சுருக்கத்தில் வெளிச்சம் முழு நுணுக்கத்தோடு சேமிக்கப்படும். நிறம் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதிப் பாதி நுணுக்கத்தில்தான். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து போட்டால் மூன்று பேர் கை மாறுவதற்குள் கசிந்துவிடும். கறுப்பின் மேல் வெள்ளை, மஞ்சளின் மேல் கறுப்பு நிற்கும். கட்சிக் கொடி நிறத்தில்தான் எழுதுவேன் என்று அடம் பிடிப்பவர்கள் அந்த நிறத்தைப் பட்டைக்குக் கொடுங்கள்.

*வாசகம்.* "நிறைவேற்றப்பட்டிருக்கிறது" என்று எழுதினால் ஒரு வரி போயிற்று. "நிறைவேறியது" போதும். இரண்டு வரி, வரிக்கு மூன்று சொல்.

பிட்கணக்கு | நவம்பர் 10, இரவு 9.58

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். புள்ளி. சில எழுத்துருக்களில் மெய்ப்புள்ளி சின்ன வளையமாக வரும். 40 பிக்சல் எழுத்தில் அந்த வளையம் நாலைந்து பிக்சல்தான். வாட்ஸ்ஆப் சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது படத்தைச் சுருக்கி மறுபடி ஜேபெக் ஆக்கும். நாலு குழு தாண்டினால் வளையம் காற்றில் கரைந்துவிடும். அடைத்த புள்ளி உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பும் முன் படத்தைக் கால்வாசி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், புள்ளி தெரிந்தால் தப்பித்தீர்கள்.

நடுநிசி நையாண்டி | நவம்பர் 10, இரவு 10.02

"கல்விக் கடனை ரத்து செய்" என்ற மாணவர் மீமில் முதல் புள்ளி கரைந்தால் கோரிக்கை என்ன ஆகும் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

பிரிவெண் | நவம்பர் 11, மாலை 5.15

வடிவமைப்பு சரி. பிடிபட்டால் என்ன என்பதையும் பேசிவிடலாம்.

இந்தியாவில் இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ஆனால் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குப் பதிவது நிற்கவில்லை. 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. 66ஏ போனாலும் அவதூறு, பகை வளர்த்தல், போலி ஆவணம் என்று வேறு பிரிவுகள் இருக்கின்றன. 2019ல் மேற்கு வங்க முதல்வரின் முகத்தை ஒட்டிய படத்தைப் பகிர்ந்தவருக்கு ஜாமீன் வாங்கவே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ரஷ்யாவில் 2018ல் பர்னாவுல் நகர இளம்பெண் ஒருவர் மேல் சமூக வலைதளத்தில் மீம் சேமித்து வைத்ததற்காகத் தீவிரவாதக் குற்றச்சாட்டு. எதிர்ப்பு கிளம்பி, அதே டிசம்பரில் முதல் தடவைக்கு அபராத அளவிலான குற்றம் என்று சட்டம் தளர்ந்தது. தாய்லாந்தில் அரச அவமதிப்புச் சட்டத்தில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு. போராட்டச் சின்னமாகிப் போன மஞ்சள் ரப்பர் வாத்து போட்ட நாட்காட்டியை விற்றவருக்கு 2023 மார்ச்சில் தண்டனை விழுந்தது. வாத்து!

துருக்கியில் அதிபர் எர்டோகன் படத்தையும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் கோல்லம் என்ற கதாபாத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒரு மருத்துவர் மேல் வழக்கு. கோல்லம் நல்லவனா கெட்டவனா என்று நீதிமன்றம் நிபுணர் குழு போட்டது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த மருத்துவரின் வேலை போய்விட்டது.

என் பார்வையில் மிக ஆபத்தான வடிவம் நியூஸ் கார்டு. செய்தி சேனலின் இலச்சினையோடு, தலைவர் சொல்லாததைச் சொன்னதாகப் பகடி. போட்ட குழுவில் எல்லோருக்கும் அது பகடி என்று தெரியும். மூன்றாவது கையில் அது செய்தி. சேனலின் வணிகச் சின்னம், போலி ஆவணம், அவதூறு மூன்றுக்கும் ஒரே படத்தில் இடம் கொடுக்கிறீர்கள். பகடி என்று தனியாகக் குறிப்பு எழுதினால் அதை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். கற்பனை மேற்கோளே வேண்டாம். அவர் உண்மையாகப் பேசியதை எடுங்கள், தேதி போடுங்கள், முகபாவனையில் கேலி செய்யுங்கள்.

ஓரத்து இருக்கை | நவம்பர் 11, இரவு 8.40

கென்யாவில் வழக்கே போடவில்லை, ஆளையே தூக்கினார்கள். 2024 டிசம்பரில் அதிபரைச் சவப்பெட்டியில் காட்டிய படங்கள் சுற்றின. அரசைக் கேலி செய்து படம் போட்ட இளைஞர்கள் சிலர் காணாமல் போய், ஜனவரியில்தான் திரும்பினார்கள். மசோதா நின்ற அதே ஊர்.

பிட்கணக்கு | நவம்பர் 11, இரவு 11.10

அதனால்தான் கோப்பைச் சுத்தம் செய்வதைப் பழக்கமாக்க வேண்டும். பலர் எக்ஸிஃப் தகவலோடு (கேமரா படத்துக்குள் எழுதி வைக்கும் குறிப்புகளோடு) நிறுத்திவிடுகிறார்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் அதை நீக்கிவிடும், உண்மை. ஆனால் தரம் குறையாமல் இருக்க "ஆவணம்" என்று அனுப்பினால் எடுத்த இடம், நேரம், கைப்பேசி மாதிரி எல்லாம் அப்படியே போகும். டெலிகிராமில் கோப்பாக அனுப்பினாலும் அதே கதைதான்.

யாரும் கவனிக்காதது வார்ப்புருக் கோப்பு. வெற்றுக்கட்டம் சொல்வதுபோல் காலி வார்ப்புருவை எல்லோருக்கும் கொடுப்பது நல்லதுதான். இன்க்ஸ்கேப்பில் சாதாரணமாகச் சேமித்த எஸ்விஜி என்ற வரைபடக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். கடைசியாகப் படம் ஏற்றுமதி செய்த கோப்புறையின் முழுப் பாதையும் உள்ளே இருக்கலாம், அந்தப் பாதையில் கணினிப் பயனர் பெயர் இருக்கலாம். அநேகமாக அது உங்கள் சொந்தப் பெயர். "பிளெயின் எஸ்விஜி" என்று சேமித்தால் இன்க்ஸ்கேப்பின் சொந்தக் குறிப்புகள் போய்விடும். ஒட்டிய படம் இணைப்பாக இல்லாமல் உள்ளடக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அந்த வழியாகவும் பாதை தெரியும்.

திரைப்பிடிப்பில் வேறு தொல்லை. மேல் பட்டையில் தொலைபேசி நிறுவனப் பெயர், கீழே பதில் பெட்டியில் உங்கள் சுயவிவரப் படம். இரண்டையும் வெட்டுங்கள். மங்கலாக்கினால் போதாது, வெட்ட வேண்டும்.

வெற்றுக்கட்டம் | நவம்பர் 12, காலை 10.00

முன்பு சொன்ன எண்ணிக்கை முறைக்கு இன்னொரு பயன் உண்டு. காசு கொடுத்துச் செய்யும் "இளைஞர் எழுச்சி"யைப் பிடிக்கலாம். இயல்பாகப் பரவும் மீமில் எழுத்துப்பிழை ஆளுக்கு ஆள் மாறும். ஏவிவிட்ட மீமில் ஒரே பிழை ஐம்பது கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். ஹேஷ்டேக் வரிசை மாறாது. ஐந்து நிமிட இடைவெளியில் எல்லாமே ஏறியிருக்கும். வாசகத்தில் திட்டுவதற்கு ஆள் இருக்கும், கோரிக்கை இருக்காது. முக்கியமாக, பதிலுக்கு யாரும் கிண்டல் செய்து திருப்பி வெட்டி ஒட்டியிருக்க மாட்டார்கள். யாரும் விளையாடாத மீம் சந்தேகத்துக்குரியது.

ஒன்றைத் தளர்த்திக்கொள்கிறேன். மறு ஆக்கம் அதிகம் என்றால் நல்லது என்று எழுதிவிட்டேன், அது எப்போதும் நல்லதாக இருக்காது. நேபாளத்தில் இந்த செப்டம்பரில் ஓடிய "நெப்போ கிட்" வார்ப்புருவைப் பாருங்கள். ஒரு பக்கம் அமைச்சர் வீட்டுப் பிள்ளையின் ஆடம்பரப் படம், மறு பக்கம் சாமானியர் வாழ்க்கை. ஒரு மாகாண அமைச்சரின் மகன் விலையுயர்ந்த பிராண்டுப் பெட்டிகளைக் கிறிஸ்துமஸ் மரமாக அடுக்கிப் போட்ட படம் எல்லாக் கையிலும் இருந்தது. வார்ப்புரு அற்புதமானது, யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். ஆபத்தும் அங்கேதான். பெயர், உறவு, பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சரிபார்க்காமல் நிரப்பினால் அதே கட்டத்தில் சம்பந்தமில்லாத ஆள் வந்து உட்காருவார். 4ஆம் தேதி 26 தளங்களை அரசு முடக்கியது, 8ஆம் தேதி தெருவில் 19 பேர் இறந்தார்கள், 9ஆம் தேதி பிரதமர் கே.பி. சர்மா ஓலி பதவி விலகினார். அந்த வேகத்தில் திருத்தம் எங்கே போய்ச் சேரும்?

தனி ஆளின் முகம் வரும் வார்ப்புருவைக் காலியாக வெளியிடாதீர்கள் என்பேன். பொருள், கட்டடம், கோப்பு, எண் இவற்றுக்குக் காலிக் கட்டம் கொடுங்கள்.

பிரிவெண் | நவம்பர் 12, மதியம் 1.25

ஒத்துக்கொள்கிறேன். கூடவே, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதியும் பதிப்பு எண்ணும் போடுங்கள். "நவ. 12, பதிப்பு 2" என்று. தகவல் தவறென்று தெரிந்தால் "பதிப்பு 1ஐ நிறுத்துங்கள்" என்று சொல்ல முடியும். அழித்துவிட்டால் மட்டும் பழைய படம் சாகாது, யாரோ ஒருவருடைய குழுவில் உயிரோடு இருக்கும்.

ஓரத்து இருக்கை | நவம்பர் 13, இரவு 7.30

சரி, கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். மீம் தெருவுக்கு வர வேண்டும் என்றால், அதே படத்தை அட்டையாக அச்சடிக்கலாமா? 1080 பிக்சல் போதுமா?

பிட்கணக்கு | நவம்பர் 13, இரவு 8.15

ஏ3 தாளின் அகலம் 29.7 செ.மீ. 1080 பிக்சலை அதில் விரித்தால் அங்குலத்துக்கு 92 புள்ளி வரும். தூரத்திலிருந்து பார்க்கப் பரவாயில்லை. ஆனால் வாட்ஸ்ஆப்பில் வந்த நகலை அச்சுக்குக் கொடுத்தால் எழுத்தைச் சுற்றி ஜேபெக் சதுரங்கள் தெரியும். மூல எஸ்விஜி கொடுங்கள், எழுத்தைப் பாதையாக மாற்றிவிட்டுக் கொடுங்கள். அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, அங்கே மறுபடி கொம்பு உடையும்.

வெற்றுக்கட்டம் | நவம்பர் 13, இரவு 8.40

வாசகத்தையும் குறைக்க வேண்டும். 3 மீட்டருக்கு 2.5 செ.மீ. எழுத்து உயரம் என்பது பலகைக்காரர்கள் கணக்கு. 10 மீட்டரிலிருந்து படிக்க 8 செ.மீ. உயரம் வேண்டும். ஏ3 தாளைப் படுக்க வைத்தால் அந்த அளவில் வரிக்கு நாலைந்து எழுத்து, மூன்று வரி. அவ்வளவுதான் இடம். திரையில் ஓடிய நகைச்சுவை அதில் அடங்காது. வார்ப்புருவின் முகத்தையோ நிறத்தையோ மட்டும் வைத்துக்கொண்டு, கோரிக்கையை ஒரு சொல்லாக எழுதுங்கள். மழைக் காலம் என்றால் லேமினேஷன் போடலாம், ஆனால் பளபளப்பு வகை கேமரா வெளிச்சத்தில் வெள்ளையடிக்கும், மங்கல் வகை கேளுங்கள். அச்சு வந்ததும் புள்ளி எல்லாம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விழாத இடத்தில் மார்க்கர் பேனாவால் வைத்துவிடுங்கள்.